முதுகுக்குள் இரண்டு கம்பிகள்

1

நேற்றுக் காலை மருத்துவமனையிலிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. மிஸ்டர் ராமசாமி, உங்களுக்குக் கருவி பொருத்தி ஒரு வருடம் ஆகிறது, பரிசோதனைக்கு வரவும் என்று. ராமசாமி என் அப்பா. நான் முருகேசன். இந்தியக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால் நிற்பதால் மலேசியக் கணினிகள் இருபத்தாறு வருடமாக என்னை அப்பாவாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கின்றன. ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். இப்போது ராமசாமி என்று கூப்பிட்டால் எழுந்து போய்விடுகிறேன். உயிரோடு இருந்தவரை ஒரு மாத்திரை விழுங்காத மாமனாருக்கு ஜொகூர் பாருவில் மூன்று ஆபரேஷன் ஆகிவிட்டது என்று என் மனைவி பரமேஸ்வரி சொல்லிச் சிரிப்பாள்.

இதை எழுதும்போது இடுப்பில் ஒரு பட்டை கட்டியிருக்கிறேன். பட்டைக்குள் பெரிய வடை அளவில் ஒரு வட்டம். இடது இடுப்புக்குக் கீழே தோலுக்கடியில் தைத்து வைத்திருக்கும் பேட்டரிக்கு அது வெளியிலிருந்து மின்னேற்றுகிறது. வாரத்துக்கு இரண்டு முறை, முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். பேட்டரியிலிருந்து நூல்போன்ற இரண்டு கம்பிகள் முதுகெலும்புக்குள் போய்த் தண்டுவடத்தின் மேலே படுத்திருக்கின்றன. காலிலிருந்து வலி மூளைக்குப் போகும் வழியில் அவை சின்னச் சின்னத் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். வலிச்செய்தி மூளைக்குப் போய்ச் சேரும்போது மங்கியிருக்கும்.

விஷயத்தை முதலில் சொன்னபோது திருச்சியில் இருக்கும் அண்ணன் போனில் அலறினார்.

"கரண்டாடா வைக்கிறாங்க? முதுகுக்குள்ளயா?"

"ஆமாண்ணே. ரொம்பக் கொஞ்சம்தான்."

"மழையில நனையலாமா? இடி இடிச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"சரி, வலி சுத்தமாப் போயிருமா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றும் ஒரே வரியில் சொல்ல முடியவில்லை. ஊரிலிருந்து இன்னும் சிலர் இதையே கேட்பதால் உட்கார்ந்த இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. எப்படியும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.

2

இரண்டு வருட ஒப்பந்தத்தில்தான் வந்தேன். செனாய் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. மின்சுற்று அட்டைகளில் கடுகளவு பாகங்களை எடுத்து வைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. அந்த இரண்டு வருடம் முடிவதற்குள் பரமேஸ்வரியைச் சந்தித்தேன். கோத்தா திங்கி பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்போது ஒரு பள்ளி அலுவலகத்தில் கிராணி வேலை. இங்கே குமாஸ்தாவை அப்படித்தான் சொல்வார்கள். கல்யாணம் ஆனது, ஸ்கூடாயில் வரிசை வீடு ஒன்று வாங்கினோம், ஷாமினி பிறந்தாள். ஒப்பந்தத்தை யாரும் நினைவுபடுத்தவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள் தள்ளுவண்டியிலிருந்து மோட்டார் ஒன்று சரிந்தது. யோசிக்காமல் கையை நீட்டிப் பிடித்தேன். முதுகில் ஏதோ அவிழ்ந்ததுபோல் இருந்தது. அன்று மாலையே இடது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

முதுகெலும்பு வட்டு பிதுங்கிவிட்டது என்றார்கள். ஓர் அறுவைச் சிகிச்சை, எட்டு மாதம் கழித்து இன்னொன்று. இரண்டாவதற்குப் பிறகு எடுத்த ஸ்கேன் படத்தைப் பார்த்து மருத்துவர் மகிழ்ந்துபோனார். நரம்பை இப்போது எதுவும் அழுத்தவில்லையாம். படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. எனக்குத்தான் வலித்தது. இடுப்பிலிருந்து பாதம் வரை, உட்கார்ந்தால் ஒரு விதம், நின்றால் ஒரு விதம்.

படம் சரியாக இருக்கும் ஆளை யாரும் நீண்ட நாள் நம்ப மாட்டார்கள். தொழிற்சாலையில் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கேயும் நிற்க வேண்டியிருந்தது. நானே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நரம்பு மாத்திரை வலியைவிடச் சொற்களைத்தான் அதிகம் தின்றது. பேச்சின் நடுவில் 'கதவு' என்ற சொல் வராமல் கையால் காட்டியிருக்கிறேன்.

வீடும் மாறியது. கூடத்தில் ஒரு நாற்காலியில் என்னைத் தவிர யாரும் உட்கார மாட்டார்கள். அரிசி மூட்டையைப் பரமேஸ்வரிதான் வண்டியிலிருந்து இறக்குவாள். ஷாமினி சிநேகிதிகளை வீட்டுக்கு அழைப்பதை நிறுத்தினாள்.

3

அப்பாவுக்குப் பொன்மலை ரயில் பட்டறையில் வேலை. மாலையில் சங்கு ஊதிக் கால் மணி நேரத்தில் சைக்கிள் வந்து நிற்கும். உள்ளே வந்ததும் ஒரு துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுப்பார். முழங்கால் இரண்டும் மடங்கியிருக்கும். அம்மா எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பாள். அண்ணனும் நானும் வாயை மூடிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவோம். ஒரு டம்ளர் கை தவறி விழுந்தால் போதும், படுத்த இடத்திலிருந்தே கத்துவார். ஒருமுறை அண்ணன் எதற்கோ சிரித்துவிட்டார் என்று சொம்பு பறந்து வந்து சுவரில் பட்டது.

அப்பா கோபக்காரர் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். சாகும்வரை அவர் வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டாவது அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்கூடாய் வீட்டின் தரையில் மல்லாந்து படுத்திருந்தேன். முழங்காலை மடக்கினால் கொஞ்சம் தேவலாம். சமையலறையில் ஷாமினி ஒரு கரண்டியைக் கீழே போட்டாள். நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஷாமினிக்கு அப்போது பதினெட்டு வயது. கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தாள். "சாரி பா" என்றாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. சத்தம் வராமல் கதவைச் சாத்த அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை.

அன்றுதான் அப்பாவைப் பற்றி எனக்குப் புரிந்தது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, அவர் படுத்த மாதிரியே படுத்துக்கொண்டு.

4

வலிக்கென்றே தனி மருத்துவர் இருக்கிறார் என்பதைக் கண்டுபிடித்தது ஷாமினிதான். படிப்பை முடித்துவிட்டு அவள் சிங்கப்பூரில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். விடிவதற்கு முன்பே கிளம்பி, எல்லைப் பாலத்தில் நெரிசலில் நின்று, கடந்து, இருட்டிய பிறகு திரும்பி வரும் வேலை. ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை டாக்டர் அஸ்லினாவிடம் கூட்டிப் போனாள்.

டாக்டர் அஸ்லினா அமைதியான பெண்மணி. படத்தைப் பார்ப்பதற்கு முன்பு என்னைப் பார்த்தார். வலி எப்படி இருக்கிறது, வர்ணியுங்கள் என்றார் ஆங்கிலத்தில்.

"பெய்னிங், டாக்டர்" என்றேன். மேற்கொண்டு வார்த்தை வரவில்லை. கடைகளில் சாமான் வாங்கவும் இயந்திரத்தைப் பிரித்து மாட்டவும் போதுமான ஆங்கிலமும் மலாயும் என்னிடம் உண்டு. இதற்குப் போதவில்லை.

"தமிழில் சொல்லுங்கள், மகள் சொல்வார்" என்றார்.

நான் ஷாமினியிடம் திரும்பினேன். "தொடையில குடையுதும்மா. முட்டிக்குக் கீழ விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. உள்ளங்காலு மிளகாய் தேச்ச மாதிரி காந்துது. முதுகுல அது வேற, அது ஒரே கடுப்பு."

ஷாமினி ஒரு கணம் யோசித்தாள். "அப்பாவுக்கு ரொம்ப வலிக்கிறதாம், டாக்டர்" என்றாள் ஆங்கிலத்தில்.

"அவ்வளவுதானா?" என்றேன் அவளிடம்.

"எல்லாமே பெயின்தானே பா? அந்த வேர்ட்ஸ்லாம் எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் மேல் தப்பில்லை. வீட்டில் அவளோடு நாங்கள் பேசிய தமிழில் சாப்பாடும் பள்ளிக்கூடமும்தான் இருந்தன. வலியை நான் கத்திக் காட்டினேனே தவிர, சொல்லிக் கொடுத்ததில்லை.

தண்டுவடத்தைத் தூண்டும் கருவியைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன். டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டார். இது புதிய யோசனை அல்ல, பல காலமாக இருக்கிறது என்றார். பழைய கருவிகள் ஒரே அளவு மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். வலி இருந்த இடத்தில் நாள் முழுக்கக் குறுகுறுப்பு இருக்கும். இருமினாலோ படுத்தாலோ தண்டுவடம் கம்பிக்குப் பக்கத்தில் வந்துவிடும், உடனே சுரீரென்று அடிக்கும். இப்போது வருவதில் சில வகைகள் குறுகுறுப்பே இல்லாமல் வேலை செய்கின்றன. இன்னொரு வகை, ஒவ்வொரு துடிப்பையும் அனுப்பிவிட்டு நரம்பு என்ன பதில் சொல்கிறது என்று கேட்கிறது. பதில் அதிகமானால் தானே குறைத்துக்கொள்கிறது, குறைந்தால் கூட்டுகிறது.

"ஃபீட்பேக்" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அதேதான்."

என் இயந்திரங்கள் அப்படித்தான் ஓடின. அந்த அறையில் எனக்குத் தெரிந்த ஒரே பாஷை அது. எத்தனை தடவை கேட்கும், எவ்வளவு வேகத்தில் திருத்தும் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். ஷாமினி என்னை விநோதமாகப் பார்த்தாள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவை அவள் ரொம்ப நாள் கழித்துப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

நேராகப் பொருத்த மாட்டார்கள். முதலில் ஒரு வாரம் சோதனை. கம்பி உள்ளே, கருவி வெளியே இடுப்பில். அந்த வாரத்தில் வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பதைப் பற்றிப் பேசுவார்கள்.

5

சோதனைக் கம்பி வைத்த அன்று என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். முழு மயக்கம் கிடையாது. கம்பி சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை நான்தான் சொல்ல வேண்டும். கருவி நிறுவனத்திலிருந்து வந்த மெய் யீ என்ற இளம்பெண் ஒரு பலகைக் கணினியோடு என் தலைமாட்டில் நின்றாள்.

"அங்கிள், இப்போ எங்கே தெரியுது?"

முதலில் இடுப்பில் எறும்பு ஊர்ந்தது. பிறகு தொடை. பிறகு, கெண்டைக்காலில் கரெக்டாக, வலி குடியிருந்த அதே இடத்தில் குறுகுறுவென்று வந்து நின்றது.

"கெண்டைக்கால்ல! அங்கதான், அங்கதான்" என்று கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. மலாய்த் தாதி குனிந்து, எங்கே என்றாள். ஆங்கிலத்தில் கெண்டைக்காலுக்கும் கன்றுக்குட்டிக்கும் ஒரே சொல். அரை மயக்கத்தில் அந்த ஆங்கிலச் சொல்லைப் பிடித்து அதற்கு மலாய் தேடினேன்.

"அனாக் லெம்பு" என்றேன்.

கன்றுக்குட்டி. தாதி சிரித்தாள், மெய் யீ சிரித்தாள், டாக்டர் ஊசியை அசைக்காமல் கையை அப்படியே நிறுத்திக்கொண்டு சிரித்து முடித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. கன்னத்தை மெத்தையில் அழுத்திக்கொண்டு அழுதேன். ஐந்து வருடமாக அந்த இடத்தில் வலியைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. வலி இல்லாத ஒன்று அங்கே வந்து தொட்டது அதுதான் முதல் தடவை.

6

அந்த வாரம் குனியக் கூடாது, திரும்பக் கூடாது, தூக்கக் கூடாது, குளிக்கக் கூடாது. ஈரத்துணியால் பரமேஸ்வரி துடைத்துவிடுவாள். தினமும் ஒரு தாளில் வலிக்கு எண் எழுத வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாது. அதற்கு முன் நான் எப்போதும் எழுதியது எட்டு.

முதல் இரண்டு நாள் அந்தத் தானாகத் திருத்தும் வசதியை மெய் யீ போட்டுவிடவில்லை, வித்தியாசம் தெரியட்டும் என்று. காலில் வலி குறைந்தது. ஆனால் தாளிக்கிற நெடியில் ஒரு இருமல் வந்ததும் இரண்டு காலிலும் சுரீரென்று பாய்ந்தது. மூன்றாம் நாள் அவள் அதை மாற்றிவிட்டுப் போனாள். நான் கூடத்தில் நின்று வேண்டுமென்றே பத்துத் தடவை இருமினேன்.

"அலமாக், என்னங்க ஆச்சு? தண்ணி கொண்டாரட்டா?" என்று ஓடிவந்தாள் பரமேஸ்வரி.

"ஒண்ணும் இல்ல. செக் பண்றேன்."

"மெஷினையா, என்னையா?" என்றாள்.

நாலாம் நாள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி முடித்த பிறகுதான், இவ்வளவு நேரமும் நின்றிருக்கிறேன் என்பது உறைத்தது. கடைசித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. ஷாமினி எங்கள் இருவரையும் சந்தைக்குக் காரில் கூட்டிப் போனாள். மீன்கடைக்காரரோடு நான் கெம்போங் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டே நின்றேன். ஷாமினி கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பரமேஸ்வரி காய்கறிப் பக்கம் போனதும் நாங்கள் இருவரும் காருக்கு வந்தோம். அவள் வண்டியைக் கிளப்பவில்லை.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

"சொல்லு."

"கம்பெனியில எனக்கு வேற டிபார்ட்மெண்ட் தராங்க. நல்ல போஸ்ட். ஷிஃப்ட் வேலை, அதனால அங்கயே ரூம் எடுத்துத் தங்கணும். ரெண்டு வாட்டி வேணாம்னுட்டேன். இப்ப மூணாவது வாட்டி கேக்குறாங்க."

"ஏன் வேணாம்னே?"

ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மாவால தனியா உங்களைப் பாத்துக்க முடியாதுலா பா. நீங்க சரியாயிட்டா போலாம்னு இருந்தேன்."

நல்லதும்மா, போய்ட்டு வா என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "பாப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

இனி எழுதப் போவதை எழுத வெட்கமாக இருக்கிறது. இங்கிருந்து சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரியும் தூரம். ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எனக்கு அங்கே போக விசா வேண்டும். மனைவிக்கும் மகளுக்கும் வேண்டாம். அவள் அங்கே குடிபோனால், நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாத ஒரே ஆள் அப்பாதான். மறுநாள் முழுக்க அந்தத் தாள் என் முன்னால் கிடந்தது. ஏழு என்று எழுதினால் போதும். கருவி தோற்றுப் போகும், அவள் இங்கேயே இருப்பாள். மூன்று என்று எழுதினால் போய்விடுவாள். கால் உண்மையில் மூன்றுதான். முதுகு, அந்தக் கடுப்பு, முன்னே இருந்த அதே எட்டு. எனவே ஏழு என்பதும் முழுப் பொய்யில்லை என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். பாதி நாள் அப்படிப் போனது. பேனாவை மூடி வைத்தேன். அன்றைய கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.

7

எட்டாம் நாள் கம்பியை எடுக்கப் போனோம். காத்திருக்கும் இடத்தில் ஷாமினி கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கி சொன்ன வேர்ட்ஸ் திரும்பச் சொல்லுங்க பா. ஒவ்வொண்ணா. குடையுதுன்னா, டிரில் போடுற மாதிரியா?"

"டிரில் வேகமாப் போகும். இது மெதுவா. மரத்துக்குள்ள பூச்சி துளைக்கிற மாதிரி."

அவள் தட்டச்சு செய்தாள். "தெறிக்குதுன்னா?"

"கம்பியை இழுத்து விட்டா அதிருமே, அப்படி."

"காந்துதுன்னா பர்னிங்கா?"

"நெருப்பு இல்ல. மிளகாய் பட்ட எடம்."

ராமசாமி என்று கூப்பிடும்வரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்று வயதில் இது என்ன, அது என்ன என்று கேட்டதற்குப் பிறகு அவள் என்னிடம் தமிழில் அர்த்தம் கேட்டது அன்றுதான்.

டாக்டர் அஸ்லினா தாளைப் பார்த்தார். காலியாக இருந்த கட்டத்தில் விரலை வைத்தார். "இங்கே என்ன ஆயிற்று?"

நான் தமிழில் சொன்னேன். ஷாமினி வரிக்கு வரி, ஒன்றையும் விடாமல் சொன்னாள். காலில் குடைச்சல் போய்விட்டது, தெறிப்பு எப்போதாவது வருகிறது, காந்தல் பாதிக்கும் கீழே. கால் மூன்று. முதுகில் மாற்றமே இல்லை, எட்டு. கடைசியாகச் சொன்னதை அவளால் உடனே மொழிபெயர்க்க முடியவில்லை.

"பொய் எழுதலாம்னு நெனச்சேன், அதான் எழுதல."

அவள் என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அதையும் ஆங்கிலத்தில் டாக்டரிடம் சொன்னாள்.

டாக்டர் அந்தக் கட்டத்திலிருந்து விரலை எடுத்தார். "காலுக்கு உதவும். முதுகு உங்களோடுதான் இருக்கும். இது குணப்படுத்தும் கருவி இல்லை. சில வருடம் கழித்து உடம்பு பழகி, பலன் குறையவும் கூடும். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்" என்றார்.

"வைங்க டாக்டர்" என்றேன். பிறகு ஷாமினியிடம், "நீயும் அந்த வேலைக்குச் சரின்னு எழுதிப் போட்ரு" என்றேன். அதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

8

ஒரு வருடம். அண்ணனுக்கான பதில் இதுதான். கால் இப்போதும் மூன்று, சில நாள் நாலு. முதுகு மழை நாளில் எட்டு, மற்ற நாளில் ஏழு. நரம்பு மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 'கதவு' போன்ற சொற்கள் திரும்பி வந்திருக்கின்றன. பக்கத்தில் ஒரு கடையில் பகலில் நாலு மணி நேரம் மின்விசிறி, ரைஸ் குக்கர் பழுது பார்க்கிறேன். தரையில் படுப்பது நின்றிருக்கிறது. சோர்வு போகவில்லை. வலியோடு இத்தனை வருடம் மல்லுக்கட்டிய சோர்வை எந்தக் கம்பியும் எடுக்காது போலிருக்கிறது.

ஷாமினி போய்விட்டாள். முதலில் ஒவ்வொரு வாரமும் வந்தாள், பிறகு வாரம் விட்டு வாரம், இப்போது மாதத்துக்கு ஒருமுறை. போனில் பேசும்போது ஆங்கிலம் கூடிக்கொண்டே வருகிறது. நான் விசாவுக்கு இரண்டு முறை விண்ணப்பித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் அறை சின்னது, சுத்தமாக இருந்தது. கதவைப் படாரென்று சாத்துகிறாள். எனக்கு அது பிடித்திருந்தது.

போன வாரம் குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்குப் போனோம். மலேசியப் பெண்ணின் வெளிநாட்டுக் கணவன் என்ற அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மனைவி கூடவே வந்து, ஆமாம், இவர் என்னோடுதான் இருக்கிறார் என்று கையெழுத்துப் போட வேண்டும். நிரந்தர வசிப்புக்குப் போட்ட விண்ணப்பம் எங்கேயோ பரிசீலனையில் இருக்கிறது. பரமேஸ்வரி பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு, காகிதங்களை மூன்று பிரதி எடுத்துக் கோப்பில் அடுக்கிக் கொண்டு வந்தாள்.

முந்தைய வருடங்களில் அந்த இரும்பு நாற்காலிகள் எனக்கு நரகம். உட்காருவதும் எழுவதும் சுவரில் சாய்வதுமாக இருப்பேன். அவள் பின்னாலேயே கோப்போடு நிற்பாள். இந்தத் தடவை இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் எண் திரையில் வந்ததும் எழுந்தேன். நாலடி நடந்த பிறகு அவள் பக்கத்தில் இல்லை என்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன்.

பரமேஸ்வரி எழ முயன்றுகொண்டிருந்தாள். ஒரு கை முன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. பாதி எழுந்து, நின்று, மூச்சை இழுத்துப் பிடித்தாள். கீழுதட்டைக் கடித்திருந்தாள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்த்த முகம்.

திரும்பிப் போனேன். "என்ன பண்ணுது?"

"ஒண்ணும் இல்லலா. முட்டி பிடிச்சிக்கிச்சி. நடந்தா சரியாயிடும். நீங்க கவுண்டருக்குப் போங்க, நம்பர் போயிடும்."

"எத்தனை நாளா?"

"இப்ப எதுக்குங்க?"

"எத்தனை நாளா பரமேஸ்?"

"மூணு வருஷம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

கோப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "வீட்டுல ஒரு ஆளுக்கு வலி இருந்தா போதும்னு நெனச்சேன்."

திரையில் எங்கள் எண் மின்னிக்கொண்டே இருந்தது. கவுண்டரில் இருந்த இளைஞர் எட்டிப் பார்த்தார். மலாயில் நோவுக்கும் நோய்க்கும் ஒரே சொல்தான், சாக்கிட். "இஸ்தெரி சாயா சாக்கிட், கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். என் மனைவிக்கு முடியவில்லை. அவர் கையைக் காட்டி, மெதுவாக வாருங்கள் என்றார். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் மெதுவாகத்தான் போனோம்.

முத்திரை விழுந்தது. இன்னொரு வருடம். வண்டியில் ஏறியதும் அவள் தானாகவே பேச ஆரம்பித்தாள். பள்ளியில் மாடிப்படி ஏறும்போதுதான் முதலில் தெரிந்ததாம். வலது முட்டிதான் மோசமாம். வலி மாத்திரையைக் கைப்பையில் தைலப் புட்டிக்கு அடியில் வைத்துக்கொள்வாளாம். அரிசி மூட்டையை இறக்கும்போது நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் நொண்டுவாளாம். ஒருமுறை சாமி அறையில் உட்கார்ந்து எழ முடியாமல், ஷாமினி வேலையிலிருந்து வரும்வரை அப்படியே இருந்தாளாம். அப்பாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாளாம். அந்த நேரமெல்லாம் நான் கூடத்தில்தான் இருந்திருப்பேன்.

ஸ்கூடாய்ச் சாலையில் வழக்கம்போல் நெரிசல். வண்டிகள் நகரவில்லை. நான் கேட்டுக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் எஞ்சினை அணைக்கவில்லை. அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.